மெத்தைக் கம்பெனி முதலாளியின் மகள்கள்

ஆலைக்குள் காலை வைத்துவிட்டால் அவரை அப்பா என்று கூப்பிடக் கூடாது. முதலாளி என்றுதான் சொல்ல வேண்டும். பெரியவளுக்குப் பத்து வயதும் சின்னவளுக்கு நான்கு வயதுமாக இருக்கும்போது போட்ட சட்டம் அது. ஒருமுறை சின்னவள் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு "அப்பா" என்று அழுதபடி ஓடிவந்தாள். அவர் லாரிக்காரரிடம் பேசிக்கொண்டிருந்ததை நிறுத்தாமல், "இங்க அப்பான்னு யாரும் இல்ல. வீட்ல போய்த் தேடு" என்றார். லாரிக்காரர் சிரித்தார். அவரும் சிரித்தார். பெரியவள்தான் வந்து தங்கையைத் தூக்கிக்கொண்டு போய், குழாயடியில் காலைக் கழுவி, வெட்டி எறிந்த உறைத் துணி ஒன்றை எடுத்துக் கட்டுப் போட்டாள்.

ஆலை மேம்பாலம் இறங்கும் இடத்தில் இருந்தது. முன்பக்கம் கண்ணாடி வைத்த விற்பனைக் கூடம். அதன் பின்னால் கணக்கரும் விற்பனை மேலாளரும் உட்காரும் அறைகள். அதற்கும் பின்னால் தகரக் கூரை போட்ட இரண்டு கொட்டகைகள். ஒன்றில் ஆள் உயர ஃபோம் கட்டிகளை வெட்டுவார்கள், ஆண்கள். மற்றதில் உறை தைப்பார்கள், பெண்கள். ஃபோம் தூள் பறந்து புருவத்திலும் தேநீரிலும் விழும். சாயங்காலம் வெளியே வரும்போது சின்ன வயதுக்காரர்கள்கூட நரைத்துப்போய் வருவார்கள்.

தையல் கொட்டகையை அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியவள் பள்ளியை முடித்து, பல்கலைக்கழகத்தில் வணிகப் பொருளாதாரம் படிக்க இடமும் கிடைத்திருந்த கோடையில் அம்மா இறந்துபோனாள். காரியங்கள் முடிந்த மறுவாரம் முதலாளி பெரியவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"தையல யாராவது பாக்கணும். வெளி ஆள வச்சா துணியத் திருடுவான். நீ போய் உக்காரு."

"நான் படிச்சுட்டு வந்து பாத்துக்கறேம்ப்பா."

"படிச்சுட்டு நீ எங்க வருவ? எவனோ ஒருத்தன் கம்பெனியத்தான் பாப்ப. இங்க உக்காந்தா இது உன் கம்பெனி. எனக்கப்புறம் உனக்குத்தான். இதுக்கு மேல என்ன சொல்றது?"

அவள் போய் உட்கார்ந்தாள். அம்மாவின் நாற்காலி, அம்மாவின் கத்தரிக்கோல், அம்மா வேலைக்குச் சேர்த்த பெண்கள். அழுததாக யாருக்கும் தெரியாது. பெண் கேட்டு வந்தவர்களை முதலாளி வாசலோடு அனுப்பினார். "தையல் செக்‌ஷனையும் சேத்துக் கூட்டிட்டுப் போறீங்களா?" என்று கேட்பார். அதை ஒரு நகைச்சுவையாக நினைத்து, எல்லாரிடமும் சொல்லிக் காட்டுவார்.

ஆறு வருடம் கழித்து சின்னவள் பள்ளியை முடித்தாள். எந்தப் படிப்பு என்று அவளுக்குத் தெரியவில்லை. பெரியவள்தான் சொன்னாள்: "வணிகப் பொருளாதாரம் எடு. எந்தக் கடை, எந்த ஆலையப் பாத்தாலும் உள்ள என்ன ஓடுதுன்னு புரியுமாம்." சேர்க்கை நாளில் அரை நாள் லீவு போட்டுக்கொண்டு கூடவே போனாள். வரிசையில் நின்றபோது அவள் பின்னலில் ஃபோம் தூள் ஒட்டியிருந்ததைச் சின்னவள் பார்த்தாள். எடுத்துவிட்டிருக்கலாம். யாராவது தங்களைச் சேர்த்துப் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாளே தவிர, கை நீட்டவில்லை.

படிப்பு அவளுக்கு மீனுக்குத் தண்ணீர் மாதிரி இருந்தது. மற்றவர்கள் கணிதத்தைக் கண்டு ஓடினார்கள், அவள் அதை நோக்கிப் போனாள். ஒரு பொருளின் விலை ஏறினால் யார் வாங்குவதை நிறுத்துவார்கள், யாரால் நிறுத்தவே முடியாது; ஒரு ஆளைக் கூடுதலாகச் சேர்த்தால் எவ்வளவு கூடுதலாக விளையும், எந்த இடத்திலிருந்து அது குறைய ஆரம்பிக்கும். கோடுகளாகப் போட்டுப் பார்க்கும்போது எல்லாம் சுத்தமாக இருந்தது. விரிவுரையாளர் ஒருவர், வழுக்கைத் தலை, எப்போதும் சட்டைப்பையில் மூன்று பேனா வைத்திருப்பவர், முதல் பருவத்திலேயே சொன்னார்:

"இதப் படிச்சா என்ன வேலைக்குப் போகலாம்னு உங்க வீட்ல கேப்பாங்க. வங்கி, காப்பீடு, வரித்துறை, சோப்புக் கம்பெனி, கப்பல் கம்பெனி, எங்க வேணா போகலாம். எங்க போனாலும் முடிவு எடுக்கிற ரூம்ல உங்களுக்கு ஒரு நாற்காலி இருக்கும். மத்த படிப்பெல்லாம் அந்த ரூமுக்கு வெளிய நிக்கிறவங்களுக்கு."

வகுப்பு சிரித்தது. சின்னவள் சிரிக்கவில்லை. அந்த அறையை அவள் அப்போதே மனதுக்குள் கட்டிவிட்டாள்.

இரண்டாம் ஆண்டு விடுமுறையில் ஒரு மளிகைக் கடைக் குழுமத்தின் தலைமை அலுவலகத்தில் பயிற்சிக்குச் சேர்த்துக்கொண்டார்கள். நிறையக் கிளைகள் உள்ள நிறுவனம். எந்தக் கிளைகளை மூடலாம் என்று பார்க்கச் சொன்னார்கள். கூடப் போன தோழன், வகுப்பில் எல்லாரும் கால்குலேட்டர் என்று கூப்பிடுபவன், ஒவ்வொரு கடையாக நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "பாவம், அந்தப் பாலத்தடிக் கடையில ஒரு அம்மா கல்யாணம் ஆன நாள்லேருந்து வேலை பாக்கறாங்க" என்று இழுத்தான். சின்னவள் ஒரு கடைக்கும் போகவில்லை. பாலத்தடிக் கடையை முதலில் மூடச் சொன்னாள். மேலாளர் அவள் அறிக்கையை எடுத்துக்கொண்டார். கால்குலேட்டருக்கு ஒரு சான்றிதழைக் கொடுத்து அனுப்பிவைத்தார். படிப்பு முடிந்ததும் அவன் காப்பீட்டுக் கம்பெனியில் போய் உட்கார்ந்தான். இவளை ஒரு ஆலோசனை நிறுவனம் நேர்காணலிலேயே எடுத்துக்கொண்டது. நலிந்த கம்பெனிகளுக்குப் போய் எதை வெட்ட வேண்டும் என்று சொல்வது வேலை. சில வருடங்களில் அவள் பேர் வாங்கிவிட்டாள். அவள் வந்திருக்கிறாள் என்று தெரிந்தாலே சில அலுவலகங்களில் ஆட்கள் தங்கள் மேஜையில் இருந்த குடும்பப் படத்தை எடுத்துப் பையில் வைத்துக்கொள்வார்களாம். அதை அவளே வீட்டில் சொன்னாள், சாப்பாட்டு மேஜையில். முதலாளி ரசித்துச் சிரித்தார். பெரியவள், "அப்படியெல்லாமா பயப்படுவாங்க?" என்று கேட்டாள்.

அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான் முதலாளி அவளைக் கூப்பிட்டார்.

"ஊர்ல உள்ள கம்பெனிக்கெல்லாம் வைத்தியம் பாக்கற. உங்கப்பன் கம்பெனிய எப்பப் பாக்கப்போற?"

"பாத்தா உள்ளத உள்ளபடி சொல்லுவேன். அப்புறம் வருத்தப்படக் கூடாது."

"வருத்தப்படறதுக்கு நான் என்ன தையல் மெஷின்லயா உக்காந்திருக்கேன்?"

அவள் வேலையை விட்டுவிட்டு வந்தாள். விற்பனைக் கூடத்துக்கு மேலே ஒரு அறை ஒதுக்கிக் கொடுத்தார்கள். பெரியவளுக்கு ஒரே சந்தோஷம். அந்த அறைக்குத் திரைச்சீலை அவளே தைத்து மாட்டினாள். தங்கச்சி படித்த படிப்பால் இனி கொட்டகைக்குப் புது மெஷின் வரும், விசிறி வரும் என்று தையல் பெண்களிடம் சொல்லிவைத்திருந்தாள்.

சின்னவள் கொட்டகைக்கு வந்தாள். ஒவ்வொரு மெஷினுக்குப் பின்னாலும் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அக்காவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, ஒவ்வொருத்தரைப் பற்றியும் கேட்டாள். பெரியவள் ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னாள். எதற்கு ஒளிக்க வேண்டும், கேட்பது தங்கை.

"ஓரத்துல உக்காந்திருக்காங்களே, கண்ணாடி போட்டுக்கிட்டு. அம்மா காலத்து ஆள். இப்ப கண்ணு மங்கிப்போச்சு. நேர்த் தையல் மட்டும்தான் குடுப்பேன். மூலை மடிக்கிறத நான் எடுத்துப்பேன்."

"அப்ப அவங்க வேலையில பாதி நீ பாக்கற."

"பாதின்னு சொல்ல முடியாது. பக்கத்துல அந்தப் பொண்ணு, அதுக்குக் கைக்குழந்தை. சீக்கிரம் போயிரும். யார்கிட்டயும் சொல்லாத, முதலாளிக்குத் தெரியாது."

"சரி."

"பின்வரிசையில ரெண்டு பேருக்கு விரல் மூட்டு வலி. குளிர் நாள்ல ஓடவே ஓடாது. அன்னிக்கு நான் அவங்கள எண்ணி அடுக்கச் சொல்லிருவேன்."

"வேகமா ஓடறவங்க?"

"அவங்க எல்லாருக்கும் சேத்து ஓடறாங்க. அப்படித்தான் ஓடுது இந்தக் கொட்டகை."

சின்னவள் எல்லாவற்றையும் தட்டச்சு செய்துகொண்டாள். அன்று மத்தியானம் இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். அக்கா ஊட்டிவிட வந்ததை மட்டும் வேண்டாம் என்றாள்.

கூட்டம் ஒரு காலை நேரத்தில் நடந்தது. முதலாளி, கணக்கர், விற்பனை மேலாளர், பெரியவள். சுவரில் படம் விழும்படி விளக்கை அணைத்தார்கள். சின்னவள் நின்றுகொண்டு நிதானமாகப் பேசினாள். ஃபோம் வாங்கும் இடத்தை மாற்ற வேண்டும் என்றாள். லாரிகளை விற்றுவிட்டு வாடகைக்கு எடுக்கலாம் என்றாள். கடைசியாகத் தையல் பிரிவுக்கு வந்தாள். அதை முழுவதுமாக மூடிவிட்டு, உறை தைப்பதை வெளியே கொடுத்துவிடலாம். மெஷின்களை விற்றுவிடலாம். கொட்டகையைக் கிடங்காக்கலாம்.

சுவரில் பெயர் இல்லாமல் வரிசை வரிசையாகக் கட்டங்கள். பார்வைக் குறைபாடு, ஒன்று. மூட்டு வலி, இரண்டு. நேரத்துக்கு முன் வெளியேறுதல், ஒன்று. அதன் கீழே: பிரிவின் பொறுப்பாளரே குறைகளை மறைத்து ஈடுகட்டி வருகிறார்.

பெரியவள் அதைப் படித்தாள். மெதுவாகப் படிப்பவள், வாய் லேசாக அசைந்தது. முடித்ததும் தங்கையைப் பார்த்தாள். சின்னவள் அடுத்த படத்துக்குப் போனாள்.

விளக்கைப் போட்டதும் கணக்கர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளி மேஜையைத் தட்டினார். "பாத்தீங்களா? என் பொண்ணு. கை நடுங்குச்சா பாத்தீங்களா?"

"முதலாளி," என்றாள் பெரியவள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "எனக்கப்புறம் உனக்குன்னு சொன்னீங்க."

"அப்ப சொன்னது அப்ப. அப்ப இவ இப்படி வருவான்னு எனக்குத் தெரியுமா?"

"பதிமூணு வருஷம் உக்காந்திருக்கேன்."

முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சின்னவள்தான் சொன்னாள்: "அக்கா, போனது போனதுதான். உக்காந்துட்டோமேன்னு இன்னும் பதிமூணு வருஷம் உக்காந்தா அதுவும் சேந்து போகும். நான் உன் நல்லதுக்கும் சேத்துத்தான் பாத்திருக்கேன்." அவள் அதை உண்மையாகவே நம்பினாள். வகுப்பில் முதல் ஆண்டில் வரும் பாடம் அது.

"பொம்பளைங்ககிட்ட நீயே சொல்லிரு," என்றார் முதலாளி பெரியவளிடம். "உன் பேச்சத்தான் கேப்பாங்க."

அவள் போய்ச் சொன்னாள். மெஷின்களை நிறுத்தச் சொல்லிவிட்டு, நடுவில் நின்று சொன்னாள். முதலில் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் யாரும் கத்தவில்லை. கைக்குழந்தைக்காரி மட்டும் உட்கார்ந்த இடத்திலேயே அழ ஆரம்பித்தாள். கண்ணாடிக்காரம்மா எழுந்து வந்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, பெரியவளின் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தாள்.

"என் கண்ணு மங்கின விஷயம் மாடியில எப்படித் தெரியும்? உன்னத் தவிர யாருக்கும் தெரியாதே கண்ணு."

"நான் அதுக்காகச் சொல்லல."

"சொன்ன இல்ல?"

"சொன்னேன்."

"அப்ப சரி," என்றாள் அந்தம்மா. பெரியவளின் முகத்தில் துப்பவில்லை. காலடியில் துப்பினாள். மற்றவர்கள் பைகளை எடுத்துக்கொண்டு அந்த ஈரத்தைச் சுற்றிக்கொண்டு வெளியே போனார்கள். அம்மா சேர்த்தவர்களில் ஒருத்திகூட அவளிடம் போய்வருகிறேன் என்று சொல்லவில்லை.

பெரியவளுக்கு விற்பனைக் கூடத்தில் வேலை போட்டார்கள். வருகிறவர்களுக்கு மெத்தையை அழுத்திக் காட்ட வேண்டும். விற்பனை மேலாளர் ஒரு யோசனை சொன்னார்: அழுத்திக் காட்டுவதைவிட யாராவது படுத்துக் காட்டினால் விற்பனை கூடும். முதலாளிக்கு அது பிடித்துப்போனது. "வேற யாரு, இவதான். எங்க மெத்தையில என் பொண்ணே படுக்குறான்னா அதவிட விளம்பரம் என்ன வேணும்?" அவள் மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அந்த மாதங்களில் அவள் எதற்குமே மாட்டேன் என்று சொல்லவில்லை.

சின்னவள் ஒரு நாள் மத்தியானம் மாடியிலிருந்து இறங்கி வரும்போது பார்த்தாள். ஒரு புருஷனும் பெண்டாட்டியும் மெத்தை பார்க்க வந்திருந்தார்கள். பெரியவள் செருப்பைக் கழற்றிவிட்டு, பாதங்களைச் சேர்த்துவைத்து, மல்லாந்து படுத்திருந்தாள்.

"கொஞ்சம் ஒருக்களிச்சுப் படுங்க," என்றான் அந்த ஆள். அவள் படுத்தாள். "இடுப்பு அமுங்குதா பாரு," என்றான் பெண்டாட்டியிடம். பெண்டாட்டி குனிந்து பார்த்தாள். "இவங்க ஒல்லி. நம்ம எடைக்குத் தாங்குமா?" அந்த ஆள், "எழுந்து ஒருதடவ தொப்புனு விழுங்களேன்" என்றான். அவள் எழுந்து, விழுந்தாள். இன்னொருமுறை என்றான். விழுந்தாள். வாங்காமல் போய்விட்டார்கள்.

சின்னவள் படியிலேயே நின்றிருந்தாள். இறங்கிப் போய்ச் செருப்பை எடுத்துக் கொடுத்திருக்கலாம். வந்த வேலையை விட்டுவிட்டு மறுபடி மாடிக்குப் போனாள். இரண்டு நாள் அவளால் சரியாகச் சாப்பிட முடியவில்லை. மூன்றாம் நாள் சாப்பிட்டாள்.

அந்த மாதக் கடைசியில் பெரியவள் வேலைக்கு வரவில்லை. வீட்டிலும் இல்லை. அம்மாவின் நகையில் தன் பங்கை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருந்தாள். "எங்க போயிருவா, பசிச்சா வருவா" என்றார் முதலாளி. அவள் வரவில்லை.

உறை தைக்கும் வேலை பள்ளிச் சீருடை தைக்கும் ஒருவரிடம் போயிருந்தது. முதல் வருடம் அவர் குழைந்துகொண்டு வந்தார். ஆலையின் மெஷின்கள் விற்றுப்போய்விட்டன, இனி இவர்களால் திரும்பிப் போக முடியாது என்று தெரிந்ததும் விலையை ஏற்றினார். சின்னவள் இதை எதிர்பார்த்துதான் இருந்தாள். ஒருவனையே நம்பியிருந்தால் அவன் கழுத்தில் கால் வைப்பான், இன்னொருவன் வேண்டும். கணக்கரை விசாரிக்கச் சொன்னாள். கணக்கர் சில இடங்களைப் பார்த்துவிட்டு வந்து, தயங்கி நின்றார்.

"டயர் கடைக்குப் பின்னால ஒரு தையல் கூடம் இருக்கு. வேலை சுத்தம். ஆனா..."

"ஆனா என்ன?"

"நம்ம பெரியம்மா, உங்க அக்காதான் நடத்துறாங்க. பழைய ஆளுங்க பாதிப் பேரு அங்கதான் இருக்காங்க."

"கண்ணாடி போட்டவங்க?"

"அவங்களுந்தான். முதல்ல யாரும் பெரியம்மாகூடப் பேசலையாம். வேற எங்கயும் வேலை கிடைக்கல. வந்துட்டாங்க."

சின்னவள் யோசித்தாள். வேலை அங்கே போனது. எல்லாம் கணக்கர் வழியாகவே நடந்தது. அக்காவும் தங்கையும் பார்த்துக்கொள்ளவில்லை. உறைகள் நேரத்துக்கு வந்தன. மூலைகள் கத்தி மாதிரி இருந்தன. சீருடைக்காரர் விலையை இறக்கினார். முதலாளி அந்த வருடம் தன் நாற்காலியைச் சின்னவளிடம் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்தார்.

அடுத்த வருடம் ஃபோம் விலை ஏறியது. எங்காவது குறைக்க வேண்டும். சின்னவள் இந்தமுறை தானே கிளம்பினாள்.

தையல் கூடத்தில் ஒரே புழுக்கம். சுவருக்கு அந்தப்பக்கம் டயருக்குக் காற்றடிக்கும் சத்தம். பெரியவள் எழுந்து நின்றாள். கன்னம் ஒட்டியிருந்தது, மற்றபடி மாறவில்லை.

"உக்காருங்க மேடம்."

"அக்கா."

"உக்காருங்க."

சின்னவள் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் எதையோ பேசிப் பார்த்தாள். பெரியவள் பதில் சொன்னாளே தவிர எதுவும் கேட்கவில்லை. பிறகு சின்னவள் விஷயத்துக்கு வந்தாள். விலையை ஐந்தில் ஒரு பங்கு குறைக்க வேண்டும். சீருடைக்காரர் அந்த விலைக்கு முழு வேலையையும் எடுத்துக்கொள்ளத் தயார் என்கிறார்.

சீருடைக்காரர் அப்படிச் சொல்லவில்லை. அவரிடம் இவள் கேட்கவே இல்லை.

பெரியவள் தங்கையின் முகத்தையே பார்த்தாள். சின்ன வயதில் பொய் சொன்னால் இந்தத் தங்கைக்குக் காது மடல் சிவக்கும். இப்போது சிவக்கவில்லை.

"அவனா சொன்னான்?"

"ஆமா."

"என்கிட்ட நீங்க மட்டும்தான் வேலை குடுக்கறீங்கன்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"சரி," என்றாள் பெரியவள். உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். கண்ணாடிக்காரம்மா மெஷினை நிறுத்திவிட்டு, மேஜை விளிம்புகளைத் தடவிக்கொண்டு வந்தாள். வந்திருப்பது யார் என்று அவளுக்குத் தெரியவில்லை. சின்னவளைப் பார்த்து வணக்கம் வைத்தாள்.

"நாளையிலேருந்து வர வேணாம்," என்றாள் பெரியவள்.

"நாளைக்கு மட்டுமா?"

"நாளையிலேருந்து எப்பவும். உங்களுக்காக நான் தெச்ச மூலையெல்லாம் போதும். இந்த விலைக்கு இனிமே கட்டாது."

"கண்ணு, நான் எங்க போவேன்?"

"எனக்குத் தெரியாது."

அந்தம்மா இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள். இந்தத்தடவை துப்பவில்லை. மெஷின்மேல் வைத்திருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு, வாசல் எந்தப் பக்கம் என்று ஒரு கணம் தடுமாறி, வெளியே போனாள். பெரியவள் அடுத்து மூட்டு வலிக்காரிகள் இரண்டு பேரையும் கூப்பிட்டாள். சின்னவளின் கண் எதிரிலேயே எல்லாம் முடிந்தது. ஒரு தேநீர் குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை.

"இந்த விலைக்குத் தெச்சுக் குடுத்துருவேன்," என்றாள் பெரியவள். "வேற ஏதாவது?"

காரில் ஏறி உட்கார்ந்த பிறகும் சின்னவள் வண்டியைக் கிளப்பவில்லை. அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. வந்தது வியப்பு. எத்தனையோ கம்பெனிகளில் எத்தனையோ மேலாளர்களை அவள் பார்த்திருக்கிறாள். ஒரு ஆளை அனுப்பச் சொன்னால் வாரக்கணக்கில் இழுப்பார்கள், வயிற்றுவலி என்று லீவு போடுவார்கள். இவ்வளவு சுத்தமாக யாரும் செய்து அவள் பார்த்ததில்லை. இவளை ஏன் வெளியே விட்டுவைத்திருக்கிறோம் என்று நினைத்தாள்.

மறுவாரம் மறுபடி போனாள். ஆலைக்கு வெளியே தைக்கிற, வெட்டுகிற, ஏற்றுகிற எல்லா ஒப்பந்தக்காரர்களையும் மேய்க்க ஒரு ஆள் வேண்டும், வருகிறாயா என்று கேட்டாள். பெரியவள் நூல் கண்டுகளை நிறம்வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தாள். அடுக்கி முடித்தாள்.

"ரூம் எங்க?"

"என் ரூமுக்குப் பக்கத்துல."

"இங்க இருக்கிறவங்கள அந்தச் சீருடைக்காரன்கிட்ட விட்டுரலாம். அவன் குடுக்கறதுல ஓட்டிக்கட்டும். மெஷினையும் அவனே எடுத்துப்பான்."

"நீ அவங்ககிட்டச் சொல்ல வேணாமா?"

"எதுக்கு? அவன் சொல்லுவான்."

வீட்டில் விஷயத்தைக் கேட்ட முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. கால் வீக்கத்தோடு சாய்வு நாற்காலியில் கிடந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்து, "ஒருத்தி வெட்டுறா, ஒருத்தி தைக்கிறா, மெத்தை தானா வந்துரும்" என்று தானே சொல்லித் தானே சிரித்தார். "இப்பத்தான்டா ரெண்டும் என் பொண்ணுங்க." பெரியவள் அவருக்கு மாத்திரையை எடுத்துக் கொடுத்தாள். தண்ணீர் கொடுக்காமல் போய்விட்டாள். அவர் கொஞ்ச நேரம் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

ஆலை வளர்ந்தது. பக்கத்து நிலத்தை வாங்கினார்கள். சின்னவள் போடும் கோட்டைப் பெரியவள் நடத்திக் காட்டினாள். ஒப்பந்தக்காரர்கள் சின்னவளைப் பார்க்க வேண்டும் என்று கெஞ்சுவார்கள். சின்னவளிடமாவது கணக்கு காட்டிப் பேசலாம், பெரியவளிடம் அதுவும் முடியாது. இரண்டு பேரும் ஒரே காரில் வந்தார்கள், ஒரே காரில் போனார்கள். வண்டிக்குள் சரக்கு, லாரி, துணி பற்றிப் பேச்சு ஓடும். அது தீர்ந்தால் ஓட்டுநர் பாட்டு போடுவார். பழைய விஷயம் எதையும் பெரியவள் எடுத்ததில்லை. எடுத்துவிட மாட்டாளா என்று சின்னவள் சில நாள் காத்திருந்ததுண்டு. ஒருமுறை அவளே, "அக்கா, அன்னிக்குக் கூட்டத்துல..." என்று தொடங்கினாள். பெரியவள், "அடுத்த வாரம் துணி வருதா?" என்று கேட்டாள்.

ஆலை பெரிதானதும் படித்த ஆட்கள் தேவைப்பட்டார்கள். சின்னவள் தான் படித்த துறைக்கே எழுதிக் கேட்டாள். வணிகப் பொருளாதாரம் முடித்த பிள்ளைகள் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து, விற்பனைக் கூடத்தில் மெத்தைகளுக்கு நடுவில் எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றார்கள். சகோதரிகள் இரண்டு பேரும் சேர்ந்து நேர்காணல் செய்தார்கள். கேள்வி எல்லாம் சின்னவள் கேட்பாள். பெரியவள் ஒன்றும் கேட்காமல் வந்தவர்களின் கைகளைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அன்று வந்த ஒரு பையன் நன்றாகவே பேசினான். சின்னவளுக்கு அவனைவிட அவனுக்கு முன்னால் வந்த பெண் பிடித்திருந்தது. அவள் கணிதத்தில் இன்னும் கூர்மை. அனுப்பிவைக்கப் போகும் நேரத்தில் பெரியவள் வாயைத் திறந்தாள்.

"வீட்ல யார் யார் இருக்கீங்க?"

"அம்மா, அக்கா, நான் மேடம்."

"அக்கா என்ன படிச்சிருக்காங்க?"

"பத்தோட நிறுத்திட்டாங்க மேடம். துணிக்கடையில வேலை. என்னப் படிக்க வச்சதே அவங்கதான்." அவன் குரலில் பெருமை இருந்தது. "மூணு வருஷமும் அவங்க சம்பளத்துலதான் படிச்சேன்."

"நின்னுக்கிட்டே பாக்கற வேலை இல்ல, துணிக்கடை?"

"ஆமா மேடம். கால் வீங்கிரும்."

"நீ ஏதாவது பகுதி நேர வேலை பாத்தியா படிக்கும்போது?"

"இல்ல மேடம். படிப்பு கெட்டுரும்னு அக்கா விடல."

"சரிப்பா. வெளிய உக்காரு."

அவன் கதவைச் சாத்திக்கொண்டு போனதும் பெரியவள் சொன்னாள்: "இவன எடுத்துக்கலாம்."

"அந்தப் பொண்ணு இவனவிட நல்லாப் பண்ணுச்சே."

"பண்ணுச்சு. ஆனா அது பகல்ல படிச்சு சாயங்காலம் ஜெராக்ஸ் கடையில நின்னிருக்கு. யாரையாவது அனுப்பச் சொன்னா யோசிக்கும். இவன் கூடப் பொறந்தவ காலு வீங்கறதப் பாத்துக்கிட்டே உக்காந்து படிச்சவன். இவனுக்குக் கை நடுங்காது." அவள் பேனாவை மூடித் தங்கையின் பக்கம் தள்ளினாள். "எனக்கு அந்த மாதிரி ஆளுங்களத் தெரியும்."

சின்னவளுக்குக் காது மடல் சூடானது. பேனாவை எடுத்தாள். பெரியவள் ஜன்னல் பக்கம் திரும்பி, கீழே லாரியில் மெத்தை ஏற்றுபவர்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

அவனுடைய பெயருக்கு நேரே சின்னவள் கையெழுத்துப் போட்டாள். பிறகு மணியை அடித்து, அடுத்த ஆளை வரச் சொன்னாள்.